ஒரே அறை, ஒரு குட்டி ரயில்: கார் இல்லாமல் அலிகாந்தே கடற்கரையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஸ்பெயினின் கிழக்கே, வலென்சியாவுக்குத் தெற்கில், மத்தியதரைக் கடலை ஒட்டி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைக்கு 'கோஸ்தா பிளாங்கா' என்று பெயர். வெள்ளைக் கரை என்று பொருள். இதன் தலைநகரம் மாதிரி இருப்பது அலிகாந்தே.

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறைச் செய்கிறார்கள். தினம் ஓர் ஊர், தினம் ஒரு விடுதி என்று திட்டம் போட்டுவிட்டு, பாதிப் பயணத்தைப் பெட்டி கட்டுவதிலேயே கழிக்கிறார்கள். அது தேவையே இல்லை. அலிகாந்தேயில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, காலையில் குட்டி ரயிலில் கிளம்பி, ஓர் ஊரில் இறங்கி, நிதானமாகச் சாப்பிட்டு, மாலையில் திரும்பிவிடலாம். ஐந்து நாள் போதும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் ஏறிவிடும். இலையுதிர்காலத்தில் சில நாட்கள் ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கும் மழை இந்தக் கரைக்கு வழக்கம். அதனால் அக்டோபரில் போவதானால் வானிலை அறிவிப்பைத் தினமும் பாருங்கள்.

முடிந்தால் ஜூன் 20 முதல் 24 வரை அங்கே இருக்கிற மாதிரி போங்கள். அது ஸான் ஹுவான் தீத்திருவிழா. மரத்தாலும் அட்டையாலும் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த, வீட்டு உயரச் சிலைகளைத் தெருவுக்குத் தெரு நிறுத்தி, 24ஆம் தேதி இரவு கொளுத்திவிடுவார்கள். 1928 முதல் இப்படி நடக்கிறது. நகரத்துக்கு நடுவில் இருக்கும் லுசேரோஸ் சதுக்கத்தில் பகல் இரண்டு மணிக்கு வெடி வெடிப்பார்கள். அதைக் கண்ணால் பார்ப்பதைவிட நெஞ்சால் கேட்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி அதிரும். சிலை எரியும்போது தீயணைப்பு வீரர்கள் கூட்டத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், சனங்கள் இன்னும் ஊற்று என்று கத்துவார்கள். ஒரே ஒரு விஷயம், இந்த நாட்களுக்கு அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

படி 2: அறையை எங்கே எடுப்பது?

லுசேரோஸ் சதுக்கத்துக்கும் மத்தியச் சந்தைக்கும் நடுவில் எடுங்கள். கடலைப் பார்த்த அறை என்று ஆசைப்பட்டு ஊருக்கு வெளியே போக வேண்டாம். குட்டி ரயில் கிளம்பும் நிலையம் இந்தச் சதுக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வரும் சி6 பேருந்தும் இந்தப் பக்கம் வருகிறது. கடற்கரைக்கும் இங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

படி 3: ஊர்ப் பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் புதிதாகப் போகிறவர்களை ரொம்பக் குழப்பும். இங்கே ஸ்பானியம், வலென்சிய மொழி இரண்டும் அரசு மொழிகள். அதனால் ஒரே ஊருக்குப் பலகையில் இரண்டு பெயர் இருக்கும். அலிகாந்தே, அலகாந்த் இரண்டும் ஒன்று. கால்பே என்பதும் கால்ப் என்பதும் ஒன்று. எல்சே என்றாலும் எல்ச் என்றாலும் ஒரே ஊர்தான். வரைபடத்தில் 'வில்லாஜோயோசா' மாதிரி எழுதியிருப்பதை 'வியாஹோயோசா' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வழி கேட்கும்போது யாருக்கும் புரியாது.

படி 4: முதல் நாள், அலிகாந்தே நகரம்

காலையில் வெயில் ஏறுவதற்குள் ஸாந்தா பார்பரா கோட்டைக்குப் போய்விடுங்கள். ஊருக்கு நடுவில் 166 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பெனகாந்தில் குன்றின் மேல் இருக்கிறது. போஸ்திகெத் கடற்கரைக்கு எதிரே மலைக்குள் குடைந்த ஒரு சுரங்கப்பாதை உண்டு. அதற்குள் நடந்துபோய் மின்தூக்கியில் ஏறினால் கோட்டைக்குள் போய் நிற்போம். ஏறுவதற்கு இதைப் பயன்படுத்துங்கள். இறங்கும்போது நடந்து வாருங்கள், ஸாந்தா குரூஸ் என்ற பழைய குடியிருப்பு வழியாக. வெள்ளைச் சுவர், நீலத் தொட்டிகளில் பூச்செடி, இரண்டு பேர் சேர்ந்து போக இடமில்லாத படிக்கட்டுச் சந்து. இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், அதனால் சத்தம் போடாமல் நடங்கள்.

1248இல் கஸ்தீய்யா ராச்சியத்தின் இளவரசர் அல்ஃபோன்சோ இந்தக் கோட்டையைப் பிடித்தது டிசம்பர் 4ஆம் தேதி. அன்று புனித பார்பராவின் திருநாள். கோட்டைப் பெயர் அங்கிருந்து வந்தது.

அப்புறம் மத்தியச் சந்தை. மீன், ஆலிவ், பாதாம் எல்லாம் பார்த்து முடித்ததும் பின்பக்கம் வெளியே வாருங்கள். அந்தச் சதுக்கத்தின் பெயர் 'மே 25'. 1938 மே 25 காலையில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, குடியரசு அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவுக்குத் துணையாக வந்த இத்தாலிய விமானங்கள் இந்த இடத்தில் குண்டு போட்டன. சனங்கள் கடைக்கு வந்திருந்த நேரம். 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மறு ஆண்டு மார்ச் 28 இரவு, தோற்றுப்போன குடியரசுத் தரப்பினர் 2,600-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு 'ஸ்டான்புரூக்' என்ற சிறிய சரக்குக் கப்பல் இந்தத் துறைமுகத்திலிருந்து அல்ஜீரியாவின் ஒரான் நகருக்குக் கிளம்பியது. கப்பலில் இடம் கிடைக்காமல் பல ஆயிரம் பேர் கரையிலேயே நின்றார்கள். நான் முதல்முறை போனபோது இதெல்லாம் தெரியாமல் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தெரிந்த பிறகு அந்த இடம் எனக்கு வேறு இடமாகிவிட்டது. நீங்கள் தெரிந்துகொண்டே போங்கள்.

மாலையில் கடற்கரை நடைபாதைக்குப் போகலாம். எக்ஸ்பிளனாதா என்று சொல்வார்கள். சுமார் 65 லட்சம் சின்னச் சின்னப் பளிங்குத் துண்டுகளை மூன்று நிறத்தில் பதித்து அலை மாதிரி செய்திருக்கிறார்கள்.

படி 5: ரயிலைப் பழகுங்கள்

இந்த ரயிலுக்கு 'த்ராம்' என்று பெயர். லுசேரோஸிலிருந்து பெனிதோர்ம் வரை போவது 1ஆம் தடம். பெனிதோர்மில் மாறினால் 9ஆம் தடம், அது ஆல்தேயா, கால்பே வழியாகத் தேனியா வரை போகும். சீட்டை நிலையத்து இயந்திரத்திலேயே வாங்கலாம்.

மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். போகும்போது வலப்பக்கச் சன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். நிறுத்தத்தில் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். பெனிதோர்முக்கு அப்பால் வண்டிகள் குறைவு, அதனால் திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் வியாஹோயோசாவில் இறங்குங்கள். கடலைப் பார்த்து நிற்கும் வீடுகள் நீலம், மஞ்சள், செங்காவி, பச்சை என்று வரிசையாக இருக்கும். கடலிலிருந்து திரும்பும் மீனவர் தன் வீட்டைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளத்தான் இந்த நிறங்கள் என்று ஊரில் சொல்வார்கள். இது சாக்லேட் ஊரும்கூட. 1881இல் தொடங்கிய வாலோர் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது, அவர்களுடைய அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

பிற்பகலில் ஆல்தேயா. நிலையத்திலிருந்து மேடேறினால் பழைய ஊர். உச்சியில் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த குவிமாடங்களோடு தேவாலயம். வெயில் சாய்கிற நேரத்தில் அந்த ஓடுகள் மினுங்குவதைப் பார்க்கவே இதைப் பிற்பகலுக்கு வைத்தேன். கீழே கடற்கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலோடு போனால் பாதம் நோகும், நீரில் நனையக்கூடிய செருப்பு எடுத்துப்போங்கள்.

வழியில் பெனிதோர்ம் வருமே, இறங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மீன்பிடி ஊராக இருந்து, 1950-களில் பெத்ரோ சாரகோசா என்ற மேயர் போட்ட திட்டத்தால் வானளாவிய கட்டடங்களின் ஊராக மாறிய இடம் அது. அங்கே 186 மீட்டர் உயர விடுதி ஒன்று நிற்கிறது. ரயில் மாறும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்பது என் கருத்து.

படி 6: கால்பே, மூன்றாம் நாள்

ஆல்தேயாவைத் தாண்டியதும் கைப்பேசியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மலை அப்படியே கடலுக்குள் இறங்கும் இடம் இது, மஸ்கராத் என்ற பள்ளத்தாக்கு. ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும், இருட்டும். சட்டென்று வெளியே வந்து பாலத்தின் மேல் நிற்கிற மாதிரி இருக்கும். கீழே இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கிய பிளவு, அதன் வாயில் ஒரு துண்டுக் கடல். மூச்சு விட்டு முடிப்பதற்குள் மறுபடி இருட்டு.

கால்பேயில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் 332 மீட்டர் பாறைதான் பெஞோன் தே இஃபாக். 1987 முதல் இயற்கைப் பூங்கா. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருப்பதால், இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். கட்டணம் இல்லை. பாறைக்குள் குடைந்த சுரங்கம் வரை பாதை நன்றாக இருக்கும், குழந்தைகளோடு போகலாம். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பல வருடமாகக் காலடி பட்டுப் பட்டு வழவழவென்று ஆன சுண்ணாம்புக் கல், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. மலையேறிப் பழக்கம் இல்லாதவர்கள் சுரங்கத்தோடு திரும்பிவிடுங்கள், அங்கிருந்தே காட்சி நிறைவாக இருக்கும்.

இறங்கி வந்ததும் ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய உப்பளத்தைப் பாருங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு முன்னால் பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்கும்.

கால்பே என்றாலே இணையத்தில் வரும் சிவப்புப் படிக்கட்டுக் கட்டடம், ரிக்கார்தோ போஃபில் வடிவமைத்த 'லா முராயா ரோஹா'. அது தனியார் குடியிருப்பு, சும்மா உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: சாப்பாட்டு நேரத்தை விட்டுவிடாதீர்கள்

மற்ற எல்லாப் படியும் இதற்காகத்தான் என்பேன். இது அரிசிச் சோறு தின்னும் கரை. ஆனால் சோறு மதியத்துக்கு மட்டும், மதியம் என்றால் இரண்டு மணிக்கு மேல். நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குத்தான். ஒருமுறை நாலரை மணிக்கு ஒரு கடைக்குப் போய் நின்றேன். அந்த அம்மா ரொம்ப வருத்தப்பட்டு ரொட்டியும் தக்காளியும் கொடுத்தார், சோறு இல்லை.

கேட்க வேண்டியது 'அர்ரோஸ் ஆ பாந்தா'. மீன் வேகவைத்த சாற்றில் அரிசியை அகன்ற தட்டையான சட்டியில் போட்டு வற்றவிடுவார்கள். சோறு விரற்கடை உயரம்கூட இருக்காது. பெரும்பாலான கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், தனியாகப் போகிறவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் காந்தலுக்கு 'சோக்கர்ராத்' என்று பெயர். அதைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் எல்லா மேசையிலும் கேட்கும். நம் வீட்டில் காந்தல் என்றால் அடுப்பைப் பார்க்க மறந்தவர் மேல் கோபம். இங்கே அது சரியாக வந்தால்தான் சமையல்காரருக்கு மரியாதை.

சைவக்காரர்கள் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ' என்று சொல்லப் பழகுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வந்துவிடும். காய்கறிச் சோறு என்று போட்டிருந்தாலும் எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேளுங்கள்.

வெயிலுக்கு ஓர்ச்சாதா குடியுங்கள். நம் கோரைக்கிழங்கின் உறவுக்காரக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பால் அது.

படி 8: எல்சே, நான்காம் நாள்

இதற்கு லுசேரோஸுக்குப் போகக் கூடாது. பத்து நிமிட நடையில் இருக்கும் பெரிய ரயில் நிலையத்தில் முர்சியா பக்கம் போகும் உள்ளூர் ரயிலைப் பிடித்து 'எல்ச் பார்க்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அரை மணி நேரம்தான்.

ஊருக்கு நடுவிலேயே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பேரீச்சை மரங்கள். அரபு ஆட்சிக்காலத்தில் தோட்டங்களாகப் பிரித்து, வாய்க்கால் வெட்டி வளர்த்தவை. ஆற்று நீர் உப்புக் கலந்தது, பேரீச்சை அதைத் தாங்கும். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சில மரங்களின் உச்சியைக் கொண்டை மாதிரி இறுக்கிக் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். மரத்துக்கு நோய் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே வெயில் படாமல் வளரும் ஓலை பச்சை பிடிக்காமல் வெளிர் மஞ்சளாகவே இருக்கும். அதை வெட்டிப் பின்னித்தான் குருத்தோலை ஞாயிறு பவனிக்கு எடுத்துப்போகிறார்கள். மிக நுணுக்கமான பின்னல்கள்கூட உண்டு, விரல் அகலத்தில் பூவும் மணியும் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, 15இல் அங்கே இருந்தால் ஸாந்தா மரியா தேவாலயத்தில் நடக்கும் பாட்டு நாடகத்தைத் தவறவிடாதீர்கள். கூரைக் குவிமாடத்திலிருந்து கயிற்றில் தேவதூதரை இறக்குவார்கள்.

படி 9: ஐந்தாம் நாள்

தபார்கா தீவுக்குப் போங்கள். அலிகாந்தே துறைமுகத்திலும் ஸாந்தா போலாவிலும் படகு கிடைக்கும். இரண்டு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீவு. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டிருந்த ஜெனோவா குடும்பங்களை மூன்றாம் கார்லோஸ் மன்னர் மீட்டுவந்து 18ஆம் நூற்றாண்டில் இங்கே குடியமர்த்தினார். அவர்கள் முன்பு வாழ்ந்த இடம் துனீசியாவின் தபார்க்கா, அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார்கள். சுற்றியுள்ள கடல் 1986 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கரையோரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே மீன்கள் தெரியும், அதனால் நீச்சல் கண்ணாடியை மறக்காதீர்கள். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது. அப்படியானால் மனதைத் தளரவிடாமல் மறுபடி லுசேரோஸில் ஏறி, 9ஆம் தடத்தின் கடைசி நிறுத்தமான தேனியாவுக்குப் போய், சிவப்பு இறாலைக் கல்லுப்பில் சுட்டுத் தரச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விலை அதிகம்தான், இரண்டு பேருக்கு ஒரு தட்டு சொன்னால் போதும்.