பூனையின் எடை சரிதானா? விரலால் தொட்டு அறியும் முறை

பூனை கொழுகொழுவென்று இருந்தால் நன்றாக வளர்கிறது என்று மகிழும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ரங்கூனில் எங்கள் வீட்டுக் கறுப்பியைப் பார்த்து நானும் அப்படித்தான் மகிழ்ந்திருந்தேன். ஒரே தாவலில் மேசைமேல் ஏறியவள், முதலில் நாற்காலியில் ஏறி, அங்கே சற்று நின்று, பிறகு மேசைக்குத் தாவத் தொடங்கியபோதுதான் எனக்குக் கவலை வந்தது.

முதலில் உங்கள் விரல்களைப் பழக்குங்கள். இடக்கையை முஷ்டியாக மடக்கி, புடைத்து நிற்கும் கணுக்களை வலக்கை விரல்களால் தடவிப் பாருங்கள். பூனையின் விலா எலும்புகள் இப்படித் தட்டுப்பட்டால் அது மெலிந்திருக்கிறது. பிறகு கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்புகள் இலேசாகத் தெரியும் அந்த நிலையே சரியானது. உள்ளங்கையைப் போல அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கொழுப்பு மிகுந்துவிட்டது. பூனை நின்றுகொண்டிருக்கும்போது, முன்னங்கால்களுக்குப் பின்னால் இரு பக்கமும் கைகளை வைத்து, அழுத்தாமல் வருடிப் பாருங்கள். பாரசீகப் பூனை போன்ற அடர்ந்த முடியுள்ளவற்றில் கண் ஏமாந்துவிடும் என்பதால் விரலையே நம்புங்கள்.

அடுத்து, மேலிருந்து பாருங்கள்: விலாவுக்குப் பின்னால் இடை சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். பின்னங்கால்களுக்கு முன்னே தொங்கி ஆடும் தோல்மடிப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒல்லியான பூனைக்கும் அது இயல்பாகவே இருக்கும்.

எடை பார்ப்பது இதற்குப் பிறகுதான். பூனையை ஏந்திக்கொண்டு எடைக்கருவியில் நின்று, வரும் எடையிலிருந்து உங்கள் எடையைக் கழியுங்கள். எங்கள் ரங்கூன் சந்தைத் தராசு என்றால் கணக்கு வீசையில் இருக்கும். ஒரு பர்மா வீசை 1.63 கிலோ, ஆகவே 4 கிலோப் பூனை இரண்டரை வீசைக்குச் சற்றுக் குறைவு. வளர்ந்த சாதாரண வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் மூன்றரை முதல் 5 கிலோ வரை இருக்கும், ஆனால் உடல்வாகு ஒவ்வொன்றுக்கும் வேறு. மாதம் ஒருமுறை அதே கருவியில் பார்த்துக் குறித்து வையுங்கள். 4 கிலோப் பூனை 200 கிராம் கூடுவது, 60 கிலோ மனிதர் 3 கிலோ கூடுவதற்குச் சமம்.

கொழுத்த பூனையைப் பட்டினி போடவே கூடாது. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கால்நடை மருத்துவரின் யோசனைப்படி, வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் மெல்லக் குறைப்பதே பாதுகாப்பு. கறுப்பி 600 கிராம் குறைய நான்கு மாதங்கள் ஆயின.

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகும் வயதான பூனைக்குத் தைராய்டு மிகையோ நீரிழிவோ இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த எடைக் குறிப்பையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.