கார்ல முன் பிரேக் பேட் வீட்லயே மாத்துறவங்க ஸ்லைடு பின்னை விட்டுடாதீங்க

பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்துல கீச்சுனு கத்துதுன்னா பெரும்பாலும் பேட் கடைசிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். நிறைய பேட்லயே சின்னதா ஒரு தகடு வச்சிருப்பாங்க, லைனிங் (பேட்ல உரசுற பகுதி) தேஞ்சு மெலிஞ்சதும் அது டிஸ்க்ல (சக்கரத்தோட சுத்துற இரும்பு வட்டு) உரசி சத்தம் போடும், அதோட வேலையே அதுதான். கர கரன்னு இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் வர்ற வரைக்கும் விட்டுட்டா டிஸ்க்கும் போயிடும். புது பேட்ல லைனிங் 10, 12 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்திடுங்க. மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு கட்டை வைங்க. வீல் நட்டை சக்கரம் தரையில இருக்கும்போதே லேசா லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க, தூக்கின பிறகு முறுக்கினா வண்டி ஆடும். ஜாக்கியை மட்டும் நம்பி கை வைக்கவே கூடாது, கண்டிப்பா வண்டிக்கு அடியில ஜாக் ஸ்டாண்ட் குடுங்க, ஸ்டாண்ட் இல்லன்னா அன்னைக்கு இந்த வேலையே வேணாம். கழட்டின வீலை வண்டிக்கு அடியில படுக்க வச்சா இன்னும் ஒரு காப்பு. ஸ்டியரிங்கை ஒரு பக்கமா திருப்பிட்டா காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) பின்னாடி இருக்கிற போல்ட் நல்லா கைக்கு எட்டும்.

பெரும்பாலான கார்ல காலிப்பரை ரெண்டு போல்ட் பிடிச்சிருக்கும். கீழ் போல்ட்டை மட்டும் கழட்டி காலிப்பரை மேல தூக்கினாலே நிறைய வண்டியில பேட் வெளிய வந்துடும். முழுசா கழட்டுற மாதிரி இருந்தா அதை பிரேக் ஹோஸ்ல (பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய்) தொங்க விடாதீங்க, ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய தெரியாது, ஒரு கம்பியால சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டி வைங்க. ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க, எது எங்க இருந்துச்சுன்னு சந்தேகம் வந்தா மறுபக்கத்தை பாத்துக்கலாம்.

பழைய பேட் ரெண்டையும் தூக்கி போடாம பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. உள் பேட் நல்லா தேஞ்சு வெளி பேட் அப்படியே இருந்தா ஸ்லைடு பின் (காலிப்பர் வழுக்கி நகர்ற கம்பி) இறுகியிருக்கும், இல்லன்னா பிஸ்டன் (காலிப்பருக்குள்ள இருந்து பேடை தள்ளுற உருளை) திரும்பி போகாம நிக்குது. பிஸ்டன் உள் பேடைத்தான் நேரா தள்ளும், அதோட எதிர்விசையில காலிப்பர் அந்த ஸ்லைடு பின் மேல வழுக்கி வந்து வெளி பேடை இழுத்து அழுத்தும், பின் வழுக்கலன்னா வெளி பேட் சரியா வேலை செய்யாது, முழு பாரமும் உள் பேட் மேல. நான் முதல் தடவை மாத்தினப்போ பின்னை தொடவே இல்ல, பேட்தானே மாத்தணும்னு நினைச்சு மூடிட்டேன், சில மாசத்துலயே ஒரு பக்கம் உள் பேட், லைனிங் ஒட்டியிருக்கிற இரும்பு தகடு வரைக்கும் தேஞ்சு போச்சு, கூடவே டிஸ்க்கும் வாங்க வேண்டியதாச்சு. அதனால ரெண்டு பின்னையும் உருவி, பழைய கிரீஸை துணியால துடைச்சு எடுத்துட்டு, பிரேக்குக்குன்னே வர்ற சூடு தாங்குற சிலிகான் கிரீஸ் மெல்லிசா தடவி போடுங்க. சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி பின் இன்னும் இறுகிடும். மேல் பின்னும் கீழ் பின்னும் சில வண்டியில வேற வேற, மாத்தி போட்டுடாதீங்க. போட்ட பிறகு விரலால தள்ளினாலே போயிட்டு வரணும். பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க.

அடுத்தது பிஸ்டனை உள்ள தள்ளணும், புது பேட் தடிமன் ஜாஸ்தி இல்லையா. பழைய பேடை பிஸ்டன் மேல வச்சு சி கிளாம்ப்பால (சி வடிவத்துல இருக்கிற இறுக்கி) மெதுவா இறுக்குங்க. அதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் டப்பா மூடியை திறந்து பாருங்க, பேட் தேய தேய யாராவது ஆயில் ஊத்தி வச்சிருந்தா இப்போ பொங்கி வெளிய வரும், ஒரு சிரிஞ்சால கொஞ்சம் எடுத்துடுங்க. அது பெயின்ட்ல பட்டா அரிச்சிடும், உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. பிஸ்டன் அசையவே இல்ல, இல்ல அதை சுத்தி ஆயில் கசியுதுன்னா இது பேட் மாத்துற வேலை கிடையாது, காலிப்பர் வேலை, மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

டிஸ்க்ல ஆழமா கோடு, வெடிப்பு இருக்கா பாருங்க. எவ்வளவு மெலிசு வரைக்கும் போகலாம்னு டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், அதுக்கு கீழ போயிருந்தா புதுசு போடணும். பிரேக் கிளீனர் அடிச்சு துடைங்க, அந்த தூசியை வாயால ஊதாதீங்க, மூச்சுல போகக்கூடாது. பேட் உக்கார்ற கிளிப் புது பெட்டியில வந்திருந்தா அதையே மாட்டுங்க, அடியில இருக்கிற துருவை கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுட்டு மாட்டணும், துரு இருந்தா பேட் அங்கேயே சிக்கும். சத்தம் போடுற சின்ன தகடு இருக்கிற பேடை, பழசு எந்த பக்கம் இருந்துச்சோ அதே பக்கம் போடுங்க. லைனிங் மேல கிரீஸ் கை படவே கூடாது.

போல்ட்டை முதல்ல கையால சுத்தி ஏத்துங்க, அப்புறம் வண்டியோட மேனுவல்ல இருக்கிற டார்க் (எவ்வளவு விசையில இறுக்கணும்ங்கிற) அளவுக்கு டார்க் ரென்ச்சால இறுக்குங்க. வீல் நட் எதிர் எதிரா இறுக்கணும், கடைசி இறுக்கு வண்டியை கீழ இறக்கின பிறகு.

இப்போதான் ரொம்ப முக்கியம். வண்டியை நகத்துறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை பல தடவை மிதிங்க. முதல் மிதி அப்படியே அடி வரைக்கும் போகும், ஏன்னா பிஸ்டன் பின்னாடி தள்ளி நிக்குது, பேடுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி. பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சுட்டு, ஆயில் அளவை ரெண்டு கோட்டுக்கு நடுவுல சரி பண்ணிட்டு, அப்புறம்தான் கியர் போடணும். மிதிச்சு மிதிச்சும் கெட்டியாகலன்னா வண்டியை எடுக்காதீங்க.

புது பேட் டிஸ்க்கோட நல்லா பொருந்துறதுக்கு, காலி ரோட்ல 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 10 வரைக்கும் நிதானமா பிரேக் பிடிச்சு குறைங்க, இப்படி 8, 10 தடவை, நடுவுல கொஞ்சம் ஓட்டி ஆற விடுங்க. சூடா இருக்கும்போது முழுசா நிறுத்தி பெடலை மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க, பேட் மெட்டீரியல் டிஸ்க்ல ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை இன்னொரு தடவை இறுக்கி பாத்துக்கோங்க.