ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழு: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பாடத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல்களில், அதாவது ஒரே பாட்டை ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு மெட்டுகளாகப் பாடிப் பழகியவர்களும், மார்கழி விடியலில் பஜனையோடு தெருச் சுற்றி வருபவர்களும், சமையலறைக்கு வெளியே பாடியே இராதவர்களும் அடுத்தடுத்த தெருக்களில்தான் வசிக்கிறார்கள். இவர்களை வாரத்துக்கு ஒருமுறை ஒரே கூடத்தில் சேர்த்துப் பாடவைப்பதற்கான வழியை, நான் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ஆட்களைச் சேர்த்தல்

தொடக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும். குரல் தேர்வு வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுருதி சேராத ஒருவர் வந்தால், உங்கள் சுரத்தைப் பிடிக்கும்படி அவரை வற்புறுத்தாமல், அவர் இயல்பாக எழுப்பும் சுரத்தை நீங்கள் பிடித்துப் பாடி, அங்கிருந்து சிறிது மேலே, மறுபடியும் கீழே என்று அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அந்தப் பொறுமை தலைவருக்கு வேண்டும்.

2. நாளும் இடமும்

தை பிறந்த பிறகு தொடங்குவது நல்லது. டிசம்பரில் தேவாலயக் குழுவினர் கிறிஸ்துமஸ் ஒத்திகையிலும், பஜனைக் குழுவினர் விடியற்காலைப் பாடலிலும் இருப்பார்கள். நேரத்தை வருபவர்களின் பிழைப்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பீடி சுற்றும் பெண்கள் அன்றைய பீடியைக் கொடுத்து முடித்த பிறகே வர முடியும். ஒன்றரை மணி நேர ஒத்திகை போதும்.

3. சுருதி வைத்தல்

புதிய குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன. என் முதல் குழுவுக்கு, நான் தனியாகப் பாடும் ஐந்து கட்டையிலேயே சுருதி வைத்தேன் (ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் குறிக்கும் எண்தான் கட்டை). பெண்கள் எளிதாகப் பாட, ஆண்களுக்கு மேலே எட்டவுமில்லை, ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையிலான அளவு, கீழே இறங்கினால் குரல் எழவுமில்லை. மூன்று பேர் அடுத்த வாரம் வரவில்லை.

ஆகவே பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள். நடு ஸ்தாயி ச முதல் மேல் ச வரை செல்லும் பாட்டை ஒரு கட்டையில் வைத்தால், பெண்கள் அங்கேயும் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் சிரமமின்றிப் பாடலாம். கீழ் ப வரை இறங்கி நடு ஸ்தாயி ப-வோடு நின்றுவிடும் பாட்டுக்கு நான்கு கட்டை பொருந்தும். ஏனெனில் நான்கு கட்டையின் ப-வும் ஒரு கட்டையின் ச-வும் ஒரே சுரம். கைப்பேசியில் உள்ள சுருதிப்பெட்டிச் செயலியே இதற்குப் போதுமானது.

4. எழுத்துகளை ஒன்றாக்குதல்

தனியாகப் பாடும்போது மறைந்துவிடும் உச்சரிப்பு வேறுபாடு, கூட்டாகப் பாடும்போது மங்கலாகக் கேட்கும். நம் பக்கத்தில் பலரும் பேச்சில் ‘ழ’வை ‘ள’வாகவே ஒலிக்கிறோம், பாதிப் பேர் ‘வாழி’ என்றும் மீதிப் பேர் ‘வாளி’ என்றும் பாடினால் கேட்பவருக்கு இரண்டுமே தெளிவாகாது. ‘பாட்டு’, ‘காற்று’ போன்ற சொற்களின் இறுதியிலுள்ள குற்றியலுகரத்தைச் சிலர் இதழ் குவித்தும் சிலர் குவிக்காமலும் நீட்டுவார்கள். எப்படி ஒலிப்பது என்பதைக் குழுவே முடிவு செய்து தாளில் குறித்துக்கொள்ளட்டும். சொல் ‘ம்’ என்றோ ‘ல்’ என்றோ முடியுமானால், உயிரொலியைத் தாளத்தின் கடைசி வரை நீட்டி, மெய்யை உங்கள் கையசைவுக்கு எல்லோரும் ஒன்றாக மூட வேண்டும். ஓர் ஒத்திகை முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் வீணில்லை.

5. ஒரு குரலிலிருந்து பல குரலுக்கு

இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களாகப் பிரித்துப் பாடலாம் என்பதை இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் மூலம் காட்டினார். ஆனால் நான்கு குரல்களை உடனே முயல வேண்டாம். முதல் மாதம் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடட்டும். அடுத்து, பாதிப் பேர் ச-வையும் ப-வையும் நீட்டிப் பிடிக்க, மீதிப் பேர் மெட்டைப் பாடட்டும். அதன் பின், மோகன ராகத்தில் அமைந்த எளிய மெட்டொன்றை எடுத்து, இரண்டாம் அணி ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தாமதித்துத் தொடங்கும்படி செய்யுங்கள். மோகனத்தின் ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் அரைச்சுர இடைவெளியில் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு, கறுப்பையும் சேர்த்து, இடைப்பட்ட தூரம்) நெருங்கி நிற்பதில்லை. அதனால் இரண்டு அணிகளும் ஒன்றன்மேல் ஒன்று பாடினாலும் உரசல் அவ்வளவாகக் கேட்பதில்லை. தேவாலயத்தில் பாடிப் பழகியவர்களை இரண்டு அணிகளிலும் பிரித்து நிறுத்துங்கள்.

6. வழிநடத்துதல்

கையை விட உங்கள் மூச்சுதான் முக்கியம். பாட்டு எந்த வேகத்தில் வரவேண்டுமோ அந்த வேகத்தில், எல்லோருக்கும் தெரியும்படி மூச்சை உள்ளிழுங்கள். குழுவும் உடன் இழுத்து ஒன்றாகத் தொடங்கும். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பகுதியையாவது நீங்கள் பாடாமல் கேளுங்கள், ஏனெனில் பாடிக்கொண்டே இருப்பவருக்குப் பிழை கேட்காது.

7. முதல் மேடை

நான்கைந்து மாதங்களில் மூன்று பாட்டுகள் தேறினால், பள்ளி ஆண்டுவிழாவிலோ நூலகக் கூட்டத்திலோ பாடலாம். பக்கத்தில் யார் குரல் கேட்கிறது என்பதை நம்பியே ஒவ்வொருவரும் பாடிப் பழகியிருப்பதால், ஒத்திகையில் நின்ற அதே வரிசையில்தான் மேடையிலும் நிற்க வேண்டும். உயரம் பார்த்து மாற்றி நிறுத்த யாரையும் அனுமதிக்காதீர்கள்.