ஊதா செர்ரி தக்காளி: விதை போடுவதிலிருந்து பறிப்பது வரை

ஊதா செர்ரி தக்காளியை முதல்முறை வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். காய் ஊதாவானதும் பழுத்துவிட்டது என்று நினைத்துப் பறித்துவிடுகிறார்கள். கோவையில் எங்கள் மாடியில் காய்த்த முதல் கொத்தை நானும் அப்படித்தான் பறித்தேன். வெளியே நாவல்பழம் போல நிறம், கடித்தால் பச்சைத் தக்காளியின் துவர்ப்பு. மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்து பறித்த காய் அப்படி ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். இந்தச் செடியின் நிறத்துக்கும் பழுப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

விதை வாங்கும் முன்

ஊதா என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் ஒரே வகை இல்லை. 'பிளாக் செர்ரி' என்பது பழுப்பு கலந்த கருஞ்சிவப்பு. பழுக்கும்போது பச்சையம் முழுதாக மறையாமல் சிவப்போடு கலப்பதால் வரும் நிறம் அது. சுவையில் மிக நல்ல ரகம், ஆனால் உண்மையான ஊதா இல்லை.

உண்மையான ஊதா வேண்டுமென்றால் 'இண்டிகோ' வரிசையைத் தேடுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட 'இண்டிகோ ரோஸ்' இதில் மூத்தது. 'இண்டிகோ செர்ரி டிராப்ஸ்' அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ரகம். சிலி நாட்டிலும் கலாபகஸ் தீவுகளிலும் வளரும் காட்டுத் தக்காளிகளின் குணத்தைச் சாதாரணக் கலப்பு முறையில் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே மரபணு மாற்றம் எதுவும் இல்லை. நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் அதே நிறமிதான்.

உள்ளே சதையும் ஊதாவாக இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் ஸ்நாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய வேறு தக்காளி. நம் நாட்டில் மரபணு மாற்றிய விதையை அரசு அனுமதி இல்லாமல் விதைக்கக் கூடாது, அதனால் அதைத் தேட வேண்டாம். இண்டிகோ வகையில் தோல் மட்டும்தான் ஊதா, உள்ளே சிவப்பு.

நாற்று

சமவெளியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் நல்லது. தை, மாசியின் இதமான வெயிலில் காய் பிடிக்கும். மார்ச்சில் விதைத்தால் பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, பூக்கள் உதிர்ந்துவிடும்.

குழித்தட்டில் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். கோகோபீட்டை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் உப்பு போய்விடும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே லேசாகத் தூவி மூடினால் போதும். 5 முதல் 10 நாளில் முளைக்கும். முளைத்தவுடன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நிழலில் விட்டால் தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். இந்தச் சமயத்தில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான். மேல்பரப்பு காய்ந்த பிறகு மட்டும் தெளியுங்கள். ஐப்பசி மழை நேரடியாக அடிக்காத இடத்தில் தட்டு இருக்கட்டும்.

நாற்றின் தண்டிலும் இலை அடியிலும் ஊதாச் சாயல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இந்த வகையின் இயல்பு அது.

பையும் மண்ணும்

25 முதல் 30 நாளில் நான்கைந்து இலை வந்திருக்கும். அப்போது மாற்றி நடலாம். செடி வளர்க்கும் பை ஒன்றுக்கு ஒரு செடிதான். 12 அங்குலப் பை குறைந்தபட்சம், 15 அங்குலம் கிடைத்தால் இன்னும் நல்லது. செம்மண், கோகோபீட், மக்கிய தொழு உரம் மூன்றும் ஒவ்வொரு பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து ஈரப்படுத்திப் பத்து நாள் வைத்திருந்து பிறகு நடுங்கள். தக்காளியின் தண்டிலிருந்தும் வேர் வரும் என்பதால் முதல் இலை வரைக்கும் புதைத்து நடலாம். மாலையில் நட்டால் செடி வாடாது.

நட்ட அன்றே ஒரு மூங்கில் குச்சியை ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும்.

தண்ணீரை ஒரே சீராக ஊற்றப் பழகுங்கள். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் பை வழிய ஊற்றினால் செர்ரி தக்காளியின் தோல் வெடித்துவிடும். பூ வந்த பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை மண்புழு உரம் ஒரு பிடி, நடுவில் நீர் கலந்த மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசல்) அல்லது பஞ்சகவ்யா கொடுத்தால் போதும். தழைச்சத்து கூடினால் இலை மட்டும் செழிக்கும்.

வெள்ளை ஈயைக் கவனியுங்கள். இலைச்சுருட்டு நோயைப் பரப்புவது அதுதான். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். நோய் வந்து இலை சுருண்டு குறுகிய செடி தேறாது. மனசு கேட்காவிட்டாலும் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள், மற்ற செடிகளாவது பிழைக்கும்.

நிறம் வெயிலில் இருக்கிறது

இந்தச் செடியில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். வெயில் பட்ட இடம் மட்டுமே ஊதாவாகும். இலை மறைத்த பக்கம் பச்சையாகவே இருக்கும். காய்க் காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் பச்சை இதழ்களை மெல்லத் தூக்கிப் பாருங்கள், அதே வடிவில் ஊதா ஏறாத ஒரு நட்சத்திரம் தெரியும்.

அதனால் தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடத்தில் பையை வையுங்கள். நிழல்வலைக்குள் வைத்தால் நிறம் வராது. பக்கக் கிளைகளைக் கிள்ளி இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். காய்க் கொத்தை நேரடியாக மூடும் ஓரிரு இலைகளை மட்டும் எடுக்கலாம். மொட்டையடித்துவிட்டால் காய் வெயிலில் வெந்து வெள்ளைத் திட்டு விழும்.

காலை எட்டு மணிக்கு மேல் பூக்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் நன்றாகப் பிடிக்கும்.

எப்போது பறிப்பது

காய் சின்னதாக, கல் மாதிரி இருக்கும்போதே ஊதா ஏறிவிடும். அதன் பிறகு பழுக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். ஆகவே மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பழத்தைத் திருப்பி, வெயில் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பச்சை போய்ச் சிவப்பு வந்திருக்க வேண்டும். ஊதாவின் பளபளப்பும் சற்று மங்கியிருக்கும், அமுக்கினால் லேசாக இளகும். நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு ஏறத்தாழ 75 முதல் 80 நாள்.

பறித்ததைச் சமைக்காமல் சாப்பிடுவதுதான் சரி. ரசத்தில் போட்டால் அந்த நிறம் தண்ணீரில் கரைந்து காணாமல் போய்விடும். இரண்டாக நறுக்கி உப்பும் மிளகும் தூவி, வெங்காயத்தோடு பிசறித் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள்.

முதல் கொத்தில் நன்றாகப் பழுத்த இரண்டை விதைக்கு விடுங்கள். இண்டிகோ ரோஸ் கலப்பின வீரிய விதை இல்லை, அடுத்த ஆண்டும் அதே குணத்தோடு முளைக்கும். பக்கத்தில் வேறு தக்காளி இருந்தால் அந்தப் பூக்கொத்தை மட்டும் மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் எடுத்துவிடுங்கள். பழத்தின் சாற்றோடு விதையை ஒரு டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் பீங்கான் தட்டில் உலர்த்துங்கள். காகித உறையில் ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி, ஈரம் படாத டப்பாவில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு விதை கையில் இருக்கும்.