நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை வராமல் இருக்க

'மழைக்காலம்' என்று கரும்பலகையில் எழுதி, முன்னுரை, பொருளுரை, முடிவுரை போட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரைதான் வரும். இதை வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தலைப்பு அவ்வளவு பொதுவாக இருந்தால் நோட்ஸில் இருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற பாடங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "மழை பெய்தால் உங்கள் தெருவில் முதலில் தண்ணீர் தேங்கும் இடம் எது, அதைப் பார்த்து முதலில் சத்தம் போடுவது யார்?" இதற்கு எந்த நோட்ஸிலும் பதில் கிடையாது, ஆனால் வகுப்பில் எல்லோரிடமும் இருக்கும். கதை எழுத வைப்பதென்றால் தெரிந்த கதையையே எடுங்கள். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பாட்டி என்ன செய்தாள், அன்றைக்குக் கல்லாக் கணக்கு உதைத்ததா, பக்கத்துக் கடைக்காரரிடம் போய் என்ன சொன்னாள்? தெரிந்த கதை என்பதால் தொடங்கத் தயங்க மாட்டார்கள், பாட்டியின் மீதிக் கதையை யாரும் சொன்னதில்லை என்பதால் காப்பியடிக்கவும் வழியில்லை.

கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள். இதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இன்னொன்று, முதல் பெஞ்சில் கை தூக்கும் பிள்ளையிடம் உடனே பதில் வாங்கிவிட்டால் மற்றவர்கள் அதையே எழுதுவார்கள். எல்லோரும் இரண்டு வரி எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் சிவப்பு மை. முதல் முறை படிக்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். ர-றவும் ல-ள-ழவும் வட்டம் போட்டே பக்கத்தைச் சிவப்பாக்கினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் எழுத வரும் சொற்களை மட்டும்தான் எழுதும். "பாட்டி ஏன் அழவில்லை?" என்பது போல ஒரு கேள்வியை மட்டும் கீழே எழுதுங்கள், அதற்குப் பதிலாக இன்னும் நாலு வரி வரும். பிழைகளை மறுநாள் பெயர் சொல்லாமல் பொதுவாகப் பலகையில் போட்டுத் திருத்தலாம். உரையாடல் பகுதியில் வீட்டுப் பேச்சு அப்படியே வரட்டும், மதுரைப் பாட்டி மதுரைத் தமிழ்தான் பேசுவாள்.

எழுதச் சிரமப்படும் பிள்ளை படம் வரையட்டும், இல்லை சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். குழுவாகப் பிரித்தால் நன்றாகப் படிக்கும் ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார், அதனால் ஆளுக்கொரு வேலையை நீங்களே பிரித்துக் கொடுங்கள். சத்தம் வரும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"சிலபஸ் முடிக்கணுமே" என்ற கவலை நியாயமானது. ஆனால் பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென்றே மதிப்பெண் இருக்கிறது, அதைச் சார்ட் ஒட்டுவதற்குச் செலவழிக்காமல் இதற்குக் கொடுங்கள், தனியாகப் பீரியட் தேட வேண்டாம். நல்லதாக வந்தவற்றை, எழுதிய பிள்ளையின் சம்மதத்தோடு, தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் இதழான தேன்சிட்டுக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் எழுத்துப் பிழையைத் திருத்தலாம், வாக்கியத்தை மட்டும் மாற்றாதீர்கள்.