வளர்ச்சி என்று சொன்னால் வசூலைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தீபாவளிக்கு முன்னால் கடனுக்குச் சரக்கு பறக்கும். பில் புத்தகம் தடிக்கும், கல்லா காலியாக இருக்கும். இதைத் தினமும் பார்க்கிற நான், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததில் 80,000 ரூபாயை ஒரு மென்பொருள் கம்பெனி பங்கில் போட்டுப் பாதிக்கு மேல் இழந்தேன். விற்பனை ஏறுகிறது என்ற ஒரு வரியைத்தான் படித்திருந்தேன். நீங்கள் பங்கு வாங்கிய கம்பெனி தள்ளாடினால், இன்னும் பணம் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

என்.எஸ்.இ., பி.எஸ்.இ. என்ற பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் கம்பெனிகளின் நிதி முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். மார்ச்சோடு முடியும் வருஷத்தின் முடிவை எடுங்கள். பேலன்ஸ் ஷீட்டும் (சொத்து, கடன் கணக்கு) கேஷ் ஃப்ளோவும் (ரொக்கம் வந்துபோன கணக்கு) அதில் இருக்கும். ‘ட்ரேட் ரிசீவபிள்ஸ்’ என்ற வரிதான் வராத பாக்கி. அதை வருஷ விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். விற்பனை 400 கோடி, பாக்கி 100 கோடி என்றால் 91 நாள். மறு வருஷம் விற்பனை 440, பாக்கி 140 என்றால் 116 நாள். விற்பனை பத்து சதவீதம் ஏறியதாகச் சொல்வார்கள். பாக்கி நாற்பது சதவீதம் ஏறியதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசு கான்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனிக்குப் பணம் தாமதமாகத்தான் வரும். அதனால் அதே கம்பெனியின் பழைய வருஷங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு மூன்று வருஷ லாபத்தைக் கூட்டி, பக்கத்தில் கேஷ் ஃப்ளோவில் இருக்கும், மூன்று வருஷம் தொழிலில் இருந்து வந்த ரொக்கத்தை எழுதுங்கள். ரொக்கம் லாபத்தில் பாதிகூட இல்லையென்றால் நான் ஒதுங்கிவிடுவேன்.

பேங்கில் இருப்பதாகக் காட்டும் பணத்தையும் அப்படியே நம்பவேண்டாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். அன்றிலிருந்து, இருப்புக்கு ஏற்ற வட்டி வருமானம் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் மேலே போவதில்லை.

புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, தன் பங்குகளைக் கடனுக்கு அடமானம் வைத்திருக்கிறாரா என்பது ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ பட்டியலில் இருக்கும். இரண்டு நிமிஷ வேலை.

கடைசியாக, முடிவு வந்த பின் கம்பெனி நிர்வாகம் முதலீட்டாளர்களோடு போனில் பேசும் கான்காலின் எழுத்து வடிவம். அதில் தலைவரின் உரையைத் தாண்டிக் கேள்விகளுக்குப் போங்கள். பாக்கி எப்போது வரும் என்று கேட்டவருக்குத் தேதியோ தொகையோ பதிலாக வந்ததா? வந்திருந்தால் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முடிவு வரும் நாளில் முதலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.