ஜே எழுத்தை இடது ஓரத்தில் நிறுத்தாதீர்கள்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் பிள்ளைகளுக்கு ஸ்கிராபிள், அதாவது ஆங்கில எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் பலகை விளையாட்டு, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் ஜே டைலை (எழுத்துக் கட்டையை) ரேக்கின் (கட்டைகளை நிறுத்தும் தாங்கியின்) இடது ஓரத்தில் வைத்துவிட்டு, மற்ற ஆறு டைல்களையும் அதன் பின்னால் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் ஆகியும் ஜே மட்டும் அசையவே இல்லை.

"என்னப்பா தேடுற?"

"ஜேல ஆரம்பிக்கிற வேர்ட், சார்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடங்களுக்கு முன் பினாங்கில் நானும் இதையேதான் செய்தேன்.

எழுத்துப்பிழை, புள்ளிக் கூட்டலில் தவறு போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. விளையாட விளையாட அவை தாமாகவே சரியாகிவிடும். வருடக்கணக்கில் ஆடினாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் தவறுகள் சில உண்டு. அவற்றில் முதலாவது இந்த ஜே விவகாரம்.

எழுத்தைச் சொல்லின் தலையிலேயே தேடுவது

பினாங்குப் போட்டியில் அன்று முதல் சொல்லை வைக்கும் வாய்ப்பு என்னுடையது. கையில் ஏ, பி, இ, ஜே, என், ஓ, எஸ். ஜேயை முன்னால் நிறுத்தினேன். 'ஜாப்ஸ்' வந்தது, 'ஜீன்ஸ்' வந்தது. ஜீன்ஸை வைத்தேன். ஜே இரட்டை எழுத்துக் கட்டத்தில், அதாவது எழுத்தின் புள்ளியை இரண்டு மடங்காக்கும் கட்டத்தில் விழுந்தது; நடுக் கட்டம் மொத்தத்தையும் இரண்டு மடங்காக்கியது. 40 புள்ளிகள். நல்ல தொடக்கம் என்று நிம்மதியாக ஆடினேன். 31 புள்ளி வித்தியாசத்தில் ஆட்டத்தைத் தோற்றேன்.

ஸ்கோர் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு ரேக்கையும் எழுதிவைப்பது என் வழக்கம். ஃபெரியில் பட்டர்வொர்த் திரும்பும்போது தாளை எடுத்துப் பார்த்தேன். பாதிக் கடல் தாண்டியபோது அந்த ஏழு எழுத்தும் தாமாக வரிசையில் வந்து நின்றன: பி-ஏ-என்-ஜே-ஓ-இ-எஸ். பேன்ஜோ என்ற நரம்பு வாத்தியத்தின் பன்மை. ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்தால் கூடுதலாக 50. பி எழுத்தை இரட்டைக் கட்டத்தில் உட்கார வைத்திருந்தால் முதல் வாய்ப்பிலேயே 88 புள்ளிகள். 48 புள்ளிகளை நானே மேசையில் விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் பேன்ஜோ எனக்குத் தெரியாத சொல் இல்லை. தெரிந்த சொல்லைத் தேடிய விதம்தான் தப்பு.

இந்தப் பழக்கம் பள்ளியில் ஒட்டிக்கொள்கிறது. "ஜேயில் தொடங்கும் பத்துச் சொற்களை எழுதுக" என்றுதான் பயிற்சி வரும். அகராதியும் முதல் எழுத்துப்படியே அடுக்கியிருக்கும். அதனால் மனம் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதைக் கதவாகவே நினைத்துக்கொள்கிறது. ஸ்கிராபிளிலோ அது நடு அறையில் இருக்கலாம், கொல்லைப்புறத்திலும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. ஆனால் கையால் செய்ய வேண்டும். கடினமான டைலை எடுத்து மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் மற்ற எழுத்துகளை மாற்றிப் பாருங்கள். நிஞ்ஜா அப்படித்தான் கண்ணில் படும். பிறகு அதே டைலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஹஜ், தாஜ், ஸ்வராஜ் எல்லாமே செல்லும். ஸ்வராஜைப் பாடப்புத்தகத்தில் படித்த நம் பிள்ளைகள்கூட ரேக்கில் அதைக் காண்பதில்லை. வி எழுத்துக்கு இது இன்னும் அவசியம். வி உள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆர்-இ-வி மாதிரி வாலில் வரும் சொற்கள் தெரிந்திருந்தால்தான் அதைக் கழற்ற முடியும்.

அந்தப் பையனிடம் ஜேயைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தான். ஆரையும் ஏயையும் மெதுவாக அதன் முன்னால் நகர்த்தினான். "ராஜ்... ஆனா ஆளுங்க பேரு வைக்கக்கூடாதே, சார்?" ஆட்சி என்ற பொருளில் ராஜ் ஆங்கிலச் சொல்லாகிப் பல காலம் ஆகிறது என்றேன். வைத்தான்.

மலாய் எழுத்துக்கூட்டலில் தேடுவது

இது நம் ஊருக்கே உரிய தவறு. நாள் முழுக்கப் பெயர்ப்பலகைகளில் பார்ப்பதால் மலாயில் எழுதும் மியூசிக், டாக்சி, ஃபார்மசி எல்லாம் கை தானாக வைத்துவிடும். இசட்டும் கேயும் சேர்ந்த எம்-யூ-இசட்-ஐ-கே பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், 20 புள்ளிகளாயிற்றே. செல்லாது. எதிராளி சேலஞ்ச் செய்தால், அதாவது அந்தச் சொல் செல்லுமா என்று கேள்வி எழுப்பினால், அந்த முறை வீண்.

அதற்காக மலாய்ச் சொல் என்றாலே பயப்படவும் வேண்டாம். ஆங்கிலம் தனக்கென எடுத்துக்கொண்ட அமோக், சாரோங், சாத்தே, ரிங்கிட், சென் எல்லாம் செல்லும். இட்லியும் தோசையும்கூடச் செல்லும். எந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் பார்த்துப் படித்துவிடுங்கள்.

பொருள் தெரிந்தால்தான் வைப்பேன் என்பது

நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்துக்காரர். மலேசியாவில் பல ஆண்டுகளாக வாழ்பவர். உலகப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போய் ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களை எழுத்து வரிசையாக மனதில் ஏற்றிக்கொண்டு போனார். பொருளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சொல் தேடும் செயலியில் பெட்டி மாறுவது

வீட்டில் பயிற்சி செய்யும்போது நடப்பது இது. "இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்" என்பது ஒரு தேடல். "இந்த எழுத்துகளை மட்டும் கொண்டு அமையும் சொற்கள்" என்பது வேறு. முதல் தேடலின் பெட்டியில் ரேக்கில் உள்ள எழுத்துகளைத் தட்டினால், உங்களிடம் இல்லாத எழுத்துகளும் சேர்ந்த நீளமான சொற்கள் வரும். 'என்' எழுத்து ஒன்றுதான் கையில் இருக்கும், பட்டியலோ இரண்டு 'என்' உள்ள சொல்லைக் காட்டும். அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போட்டிக்கு வருகிறார்கள்.

அமெரிக்கப் பட்டியலைப் படிப்பது

இங்கே போட்டிகளில் செல்லுவது காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியல். சி-எச், ஓ-யூ, இசட்-ஓ மூன்றும் அதில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இல்லை.

கியூவை வைத்துக்கொண்டு யூவுக்குக் காத்திருப்பது

வேண்டாம். பையில் உள்ள 100 டைல்களில் யூ நான்குதான். கியூ-ஐ என்று வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.